அமுக்காத கை

அம்பாசமுத்திரத்தில் அந்தக் கடைசல் பட்டறை வாசலில் நான் போய் நின்றது பேத்திக்குச் சொப்பு வாங்குவதற்காக. சொப்புச் சாமான் பாளையங்கோட்டையிலேயே கிடைக்கும். ஆனால் 2022 மே 31ஆம் தேதி பணி ஓய்வு பெற்றவளுக்கு, ஆகஸ்டு மாதத்துப் பகல் ஒன்றை எப்படித் தள்ளுவதென்று தெரியவில்லை, பஸ் ஏறிவிட்டேன். எங்களுக்கு 58 வயதில் ஓய்வு என்றிருந்ததை 2020இல் 59 ஆக்கினார்கள், அடுத்த வருஷம் 60 ஆக்கினார்கள். அந்த இரண்டு வருஷமும் கொரோனாவோடு போனது. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் காலை ஏழரை ஆனால் கை டிபன் பாக்ஸைத் தேடியது.

பட்டறைக்குள் ஒரு அண்ணாச்சி ஈரக்கட்டை ஒன்றைக் கடைந்துகொண்டிருந்தார். உளியின் வாயிலிருந்து மரம் தூளாகக் கொட்டவில்லை. வெள்ளையாக, ஈரமாக, அறாத நாடாவாகக் கிளம்பி அவருடைய முன்கைக்கு மேல் சுருண்டு விழுந்தது. சொப்பை மறந்துவிட்டேன். 34 வருஷமாக நான் பார்த்துவந்த நாடா அது.

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றின் நோய்க்குறியியல் ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்தேன். அறுவை அரங்கிலிருந்து வரும் சதைத் துண்டை டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதற்குத் தகுந்தபடி ஆக்கிக் கொடுப்பது எங்கள் வேலை. துண்டிலிருக்கும் தண்ணீரை ஆல்கஹாலில் படிப்படியாக இறக்கி, சைலீனில் போட்டு, உருகிய பாரஃபின் மெழுகில் ஊறவைத்துக் கட்டியாக்க வேண்டும். அந்தக் கட்டியை மைக்ரோடோமில் மாட்டி 4 அல்லது 5 மைக்ரான் கனத்தில் சீவ வேண்டும். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் பத்துப் பதினைந்து சீவல் அடங்கும். கத்தி சரியாக இருந்தால் சீவல்கள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நாடாவாக இறங்கும். வாயில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பல் விழுந்திருந்தாலும் போதும், நாடா நெடுக ஒரு கீறல் ஓடும். நான் வேலைக்குச் சேர்ந்த 1988இல் கத்தியை நாங்களே கல்லில் தீட்டித் தோல் வாரில் இழுத்துப் பதம் பார்த்தோம். பிறகு தூக்கி எறியும் பிளேடு வந்தது. ஆனால் தீட்டிய கை தீட்டிய கைதான்.

எவ்வளவு நேரம் நின்றேனோ, அண்ணாச்சி மோட்டாரை நிறுத்தினார். "என்ன வேணும்மா?"

"எனக்கு இதைச் சொல்லித் தருவீங்களா அண்ணாச்சி?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சேலை முந்தானையைப் பார்த்தார். "சேலையோட இதுக்குப் பக்கத்துல வரப்படாதும்மா. வேற உடுப்பு இருக்கா?"

மாட்டேன் என்று சொல்லவில்லை. அடுத்த வாரம் வீட்டுக்காரருடைய பழைய அரைக்கைச் சட்டையும், பொங்கலுக்கு மகள் விட்டுவிட்டுப் போன பேண்ட்டுமாகப் போய் இறங்கினேன். பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

உடுப்பு சின்ன விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆறு அங்குல விட்டமுள்ள கட்டை நிமிஷத்துக்கு 1000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 29 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஸ்கூட்டர் சக்கரத்தில் துப்பட்டா சிக்குவது போலத்தான் இதுவும். துண்டு, முந்தானை, தொளதொளவென்ற முழுக்கை, அவிழ்ந்த பின்னல், மோதிரம், வளையல் எதுவும் ஆகாது. கையுறை பாதுகாப்பு என்று நினைப்பார்கள். இங்கே அதுதான் கையையே உள்ளே இழுத்துவிடும். கொண்டையை இறுக்கிப் போட்டேன், வளையலைக் கழற்றினேன். தாலிச் செயினிடம் வந்து நின்றேன். சட்டைக்குள் போட்டுப் பின் குத்திக்கொள்ளலாம் என்று பார்த்தால், குனியும்போது வெளியே வந்துவிடுகிறது. இரண்டு நாள் யோசித்தேன். எங்களோடு இருக்கும் அம்மாவுக்கு அப்போது 84 வயது. கண்ணாடி முன்னால் நான் செயினைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கழட்டி வச்சுட்டுப் போ. நீ முழுசாத் திரும்பி வந்தாத்தானட்டி அதைப் போட முடியும்." கழற்றி ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்துவிட்டுப் போனேன்.

அண்ணாச்சி முதலில் தந்தது மத்துக் காம்பு. தலையில் வெட்டும் பள்ளமெல்லாம் பிறகு. உருண்டையாக ஒரு காம்பு வந்தால் போதும் என்றார். நம் மொழியில் கீரையையும் கடைகிறோம், தயிரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். மூன்றுக்கும் ஏன் ஒரே சொல் என்று நான் யோசித்ததே இல்லை. அவர் தன் தாத்தா காலத்துக் கதையைச் சொன்னபோதுதான் விளங்கியது. அப்போது மோட்டார் கிடையாது. இரண்டு முளைக்கு நடுவில் கட்டையை நிறுத்தி, அதில் கயிற்றைச் சுற்றி ஒரு ஆள் மாறி மாறி இழுப்பார். இன்னொருவர் உளி பிடிப்பார். தயிர்ப் பானையில் மத்து எப்படி முன்னும் பின்னும் சுழலுமோ அப்படியே கட்டையும் சுழலும். கட்டை தன் பக்கம் வரும் சுற்றில் மட்டும் உளி வெட்ட வேண்டும். திரும்பும் சுற்றில் சற்று விலக வேண்டும். எகிப்தில் பெட்டோசிரிஸ் என்பவரின் கல்லறைச் சுவரில் சுமார் 2300 வருஷத்துக்கு முந்தைய சிற்பம் ஒன்று இருக்கிறது. அதிலும் ஒருவர் கயிற்றை இழுக்க இன்னொருவர் உளி பிடிக்கிறார். அண்ணாச்சியின் தாத்தாவுக்குத் தெரிந்தவர்கள் போல இருப்பார்கள் இருவரும்.

காம்பில் உளியை வைத்தேன். வெட்டவில்லை. அழுத்தினேன். கட்டை தடதடவென்று அதிர்ந்தது, உளி கொத்திக்கொண்டது, பிடி என் விலா எலும்பில் வந்து இடித்தது, கட்டை முளையிலிருந்து கழன்று சுவரில் போய் விழுந்தது. பயந்துபோனேன். அண்ணாச்சி எழுந்து வந்து கட்டையை எடுத்து, கொத்திய இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். கோபமில்லை, ஆனால் உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

"எம்மா, ஏன் போட்டு அமுக்குதீய?"

பிறகு என் வலது கையின் மேல் தன் கையை வைத்துக் காட்டினார். உளியின் வாய்க்குக் கீழே சாணையில் உண்டான சரிவு ஒன்று இருக்கிறதல்லவா, முதலில் அந்தச் சரிவு மட்டும் மரத்தின் மேல் பட வேண்டும். அப்போது வெட்டு வராது, சும்மா வழுக்கிக்கொண்டு போகும். உரசும் சத்தம் மட்டும் கேட்கும். இனி வலது கை பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்த வேண்டும். ஓர் இடத்தில் வாய் மரத்தைத் தொடும், சத்தம் மாறும், மெல்லிய சுருள் ஒன்று கிளம்பும். அங்கேயே நிறுத்திக்கொண்டு உடம்போடு சேர்ந்து பக்கவாட்டில் நகர வேண்டும். கை நகரக்கூடாது, இடுப்பு நகர வேண்டும். காம்பு மாதிரி நெடுக்கு மரத்தில் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் போக வேண்டும். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறினால் நார் எதிர்த்து நின்று பிய்யும். கிண்ணத்தின் வெளிப்பக்கத்துக்கு இதுவே தலைகீழ், அடியிலிருந்து விளிம்புக்கு. இது மூளைக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும். கைக்குப் புரிய எனக்கு நாலு மாதம் பிடித்தது. வாரம் இரண்டு நாள், போக வர பஸ், ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்.

கூலி என்ன தரட்டும் என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் பட்டறையின் உளிகளை எடுத்துப் பார்த்தேன். எட்டு உளியில் மூன்றின் வாய் மழுங்கியிருந்தது. ஒன்றின் நுனி சாணையில் சூடேறி நீலம் பாய்ந்துபோயிருந்தது. கண் மங்கிவிட்டதாகவும் தீட்டும்போது வாய் தெரியவில்லை என்றும் சொன்னார். அன்றிலிருந்து அந்தப் பட்டறையின் உளிகளைத் தீட்டுவது என் வேலை ஆயிற்று. பழைய கார்பன் உருக்கு உளி நீலம் பாய்ந்தால் அந்த அளவுக்குப் பதம் போய்விட்டது என்று பொருள். நீலம் போகும்வரை அரைத்துத் தள்ளினால்தான் உண்டு. அதனால் சாணைச் சக்கரத்தில் தொட்டும் தொடாமலும் வைத்து எடுக்க வேண்டும், அடிக்கடி தண்ணீரில் முக்க வேண்டும். இப்போது வரும் ஹைஸ்பீட் ஸ்டீல் உளி சூட்டைத் தாங்கும். அதை மட்டும் சூட்டோடு தண்ணீரில் முக்கக் கூடாது, வாயில் மயிரிழை விரிசல் விழும் ஆபத்து உண்டு. தீட்டிய பிறகு உளியைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பேன். கூரான வாய்க்கு வெளிச்சத்தைத் திருப்பித் தர இடம் இருக்காது. மின்னும் ஒரு புள்ளி தெரிந்தால் அங்கே இன்னும் மழுக்கம் இருக்கிறது. மைக்ரோடோம் கத்தியையும் இப்படித்தான் பார்ப்போம்.

தீட்டிய உளியால்தான் எனக்கு முதல் நாடா வந்தது. அமுக்குகிறவர்களெல்லாம் முரட்டுக் கையால் அமுக்குவதில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன். வாய் வெட்டாதபோது யார் கையும் அமுக்கத்தான் செய்யும். கடைசல் கற்க வருகிறவர்கள் புது மெஷினுக்குப் பணம் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு நல்ல சாணைக்கும், அதில் தீட்டிப் பழகுவதற்கு ஒரு மாதத்துக்கும் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை.

2023இல் கோயம்புத்தூரிலிருந்து அரை ஹெச்.பி. மோட்டார் வைத்த ஒரு சின்ன லேத் வரவழைத்தேன். வீட்டுப் பின்கட்டில், முன்பு விறகு அடுக்கியிருந்த இடத்தில் இருக்கிறது. அந்த வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. எங்கள் தெரு முனையில் நின்ற பூவரசு அன்று வேரோடு சாய்ந்தது. பள்ளிக்கூடம் போகும்போது அதன் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதியிருக்கிறோம் நானும் என் தங்கையும். மரத்தை அறுத்து ஓரமாகப் போட்டார்கள். இரண்டு துண்டு கேட்டேன், தந்தார்கள்.

பூவரசின் வைரம் சாக்லெட் நிறத்தில் சிவப்புக் கலந்து இருக்கும். பசிபிக் கடலில் ஹவாய்த் தீவுகளிலும் இதே மரம் இருக்கிறது. அங்கே மிலோ என்கிறார்கள். சாப்பாட்டுக்குத் தன் வாசனையையோ ருசியையோ ஏற்றாது என்பதால் அங்கே பழங்காலத்திலிருந்து உணவுக் கிண்ணங்களை அதில் குடைந்திருக்கிறார்கள். நம் ஊரில் வண்டிக்கும் கலப்பைக்கும் போய்விட்ட மரம்.

ஈர மரம் கடையச் சுகமானது, ஆனால் அப்படியே விட்டால் வெடிக்கும். மரம் காயும்போது நெடுக்கே அனேகமாகச் சுருங்குவதில்லை. வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டை நோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால் வட்டமாகக் கடைந்த கிண்ணம் காய்ந்ததும் முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். இதற்கு வழி, முதலில் கனமாகக் கடைந்து வைத்துவிடுவது. விட்டம் பத்து அங்குலம் என்றால் சுவர் ஒரு அங்குலம் இருக்க வேண்டும். நாரின் வெட்டுவாய் தெரியும் இடங்களில் மெழுகு பூசிவிட்டால் அங்கிருந்து தண்ணீர் அவசரப்பட்டு வெளியேறாது. மாதக் கணக்கில் காய்ந்த பிறகு கோணலைச் சரிசெய்து இரண்டாம் தடவை கடைய வேண்டும். அண்ணாச்சி இதைச் சொல்லிக்கொண்டு வரும்போது அடுத்த வாக்கியத்தை நானே சொல்லிவிடலாம் போல இருந்தது. சதைத் துண்டை நேரே சுத்த ஆல்கஹாலில் போட்டால் அது சுருங்கி முறுக்கிக்கொள்ளும். அதனால்தான் 70 சதவீதத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவோம். அதே பாரஃபின் மெழுகு இப்போது என் பின்கட்டில் இரும்புச் சட்டியில் உருகிக்கொண்டிருந்தது.

ஆறு மாதம் காய்ந்த பூவரசில் நாலு அங்குலக் கிண்ணம் ஒன்று வந்தது. சுவர் ஓரிடத்தில் கனமாகவும் ஓரிடத்தில் மெல்லிசாகவும் இருக்கிறது. உள்ளே அடிப்பக்கத்தில் ஒரு வளையம் முழுதாக மறையவில்லை. லேத்துக்குப் பக்கத்து மாடத்தில் அது இருக்கிறது. பின்கட்டுக்குப் போனதும் வளையலையும் தாலிச் செயினையும் அதில்தான் கழற்றி வைக்கிறேன்.

மத்து நிறையக் கடைந்திருக்கிறேன். பூரிக் கட்டை, மோர்ச் சிலுப்பி, அம்மாவுக்குக் கைத்தடியின் குமிழ், தங்கை வீட்டுத் தொட்டிலுக்குக் கம்பு எல்லாம் கடைந்தாயிற்று. சொப்பு மட்டும் கடைவதில்லை. முதல் வருஷம் ஆசைப்பட்டு அரக்கு ஏற்றுவதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சுற்றுகிற மரத்தில் வண்ண அரக்குக் குச்சியை வைத்து நன்றாக அழுத்த வேண்டும். இந்தத் தொழிலில் அழுத்தம் வேண்டிய இடம் அது ஒன்றுதான். உரசும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். பிறகு தாழை மடலை மடித்துப் பிடித்து ஓட்டினால் திட்டுத் திட்டாக இருந்த அரக்கு பரவி, கண்ணாடி போல மின்னும். சாயம் அரக்குப் பூச்சியின் பிசினோடு சேர்ந்து மரத்தில் ஒட்டிவிடுவதால் பிள்ளைகள் வாயில் வைத்தாலும் உரிந்து வராது. ஒரு சிவப்பு உரலும் உலக்கையும் செய்தேன். நன்றாகவே வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, கல்யாண வீட்டில் தாம்பூலப் பையில் போட ஐம்பது ஜோடி செய்து தர முடியுமா, மரத்துக்கான காசு மட்டும் தருகிறேன் என்றார்.

அன்று இரவு அதை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். எனக்குப் பென்ஷன் வருகிறது. மின்சாரக் கட்டணத்தையும் மரத்தையும் தவிர எனக்குச் செலவில்லை. என் மணி நேரத்துக்கு நான் விலை போட வேண்டியதில்லை. அண்ணாச்சிக்கு ஒவ்வொரு உருப்படியிலும் சோறு இருக்கிறது. பிளாஸ்டிக் பொம்மை வந்து அவர் தெருவில் பாதிப் பட்டறையை மூடிவிட்டது. மிச்சத்தை மூட என்னைப் போன்ற ஓய்வுபெற்றவர்கள் நாலு பேர் போதும். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரரை பஸ் ஏற்றி அம்பாசமுத்திரத்துக்கு அனுப்பினேன். ஐம்பது ஜோடியும் அண்ணாச்சியிடம் உரிய விலையில் வாங்கினார். பொழுதுபோக்காகக் கடைகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன். நம் கைக்கு இந்த வேலையைத் தந்தவர்களின் விலையை நாமே இறக்கக் கூடாது. நான் கடைந்ததை எவருக்கும் விற்பதில்லை. வீட்டாருக்குத் தருகிறேன், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உப்புத்தாள் போடும்போது கிளம்பும் மரத்தூள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் வைத்துவிட்டது. மூக்கிலும் சைனஸிலும் வருவது அது. நான் எத்தனையோ நுரையீரல்களைச் சீவிச் சாயமேற்றியவள். முகமூடி இல்லாமல் மோட்டாரைத் தொடமாட்டேன். அண்ணாச்சிக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஒரு மாதம் ஆணியில் தொங்கியது. "மூச்சு முட்டுதும்மா" என்றார். நானும் விடவில்லை. வேப்ப மரம் கடைந்து இரண்டு நாள் தும்மிய பிறகு எடுத்து மாட்டிக்கொண்டார். இப்போது பேரனுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்கிறார்.

இப்போது என் கையில் இருப்பது புளி. சாலையை அகலப்படுத்த வெட்டிப் போட்ட மரம். மழையில் கிடந்து பூஞ்சை பிடித்திருந்தது. விறகுக்கடைக்காரர் எரிக்க லாயக்கில்லை என்று ஒதுக்கியிருந்தார். கடைந்து பார்த்தால், வெளிறிய மரத்தில் பேனாவால் இழுத்தது போலக் கருங்கோடுகள். ஒரு மரத்துக்குள் பல பூஞ்சைகள் நுழையும்போது ஒவ்வொன்றும் தன் எல்லையைக் காத்துக்கொள்ள எழுப்பும் சுவர் அது. ஆய்வகத்தில் நுரையீரல் சீவலில் பூஞ்சையைத் தேடும்போது வெள்ளிச் சாயம் ஏற்றுவோம். பச்சைப் பின்னணியில் அதன் இழைகள் கறுப்பாக எழுந்து நிற்கும். அந்தக் கறுப்பைப் பார்க்கும்போதெல்லாம் யாரோ ஒருவருடைய வீட்டுக்குக் கெட்ட செய்தி போகப் போகிறது என்று தெரியும். இந்தக் கறுப்பை எட்டு அங்குலக் கிண்ணமாகக் கனத்தோடு கடைந்து, மெழுகு பூசி, கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சமையலறைத் தராசில் எடை பார்த்து நோட்டில் எழுதுகிறேன். தேதி, மரம், எடை என்று ஆய்வகப் பதிவேட்டில் போடுவது போலவே கோடு போட்டு வைத்திருக்கிறேன். எடை இறங்குவது நின்றால் மரம் நம் வீட்டுக் காற்றோடு சமாதானமாகிவிட்டது என்று அர்த்தம். புளிக்கு முதல் வரி 1340 கிராம். பிறகு 1290, 1235 என்று இறங்கியது. நடுவில் மழைக்காலத்தில் இரண்டு வாரம் அசையவே இல்லை. போன மாதக் கடைசியில் 905. அதற்கு அடுத்த வாரம் 905. இன்றைக்குக் காலையில் அம்மாதான் தராசைப் பார்த்து வாசித்தாள்.

"தொள்ளாயிரத்தஞ்சு" என்றாள். "எழுதிக்கோ."

எழுதிவிட்டு, உளியை எடுத்துக்கொண்டு சாணைக்குப் போனேன்.